'டிஸ்க் போச்சு' என்று சொல்வதற்கு முன்

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் இந்தச் செய்தி நேராக வந்து தொடும் வீடுகள் ஏராளம். ஹார்பர் வேலைக்கும் மணலி கம்பெனிகளுக்கும் போய்வரும் குடும்பங்கள் பலவற்றில் முதன்முதலாக நுழைந்த கம்ப்யூட்டர், பிளஸ் டூ படித்த பிள்ளைக்கு அரசாங்கம் கொடுத்த லேப்டாப்தான். 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூரை ஒட்டிய காக்களூரில் அன்றைய முதல்வர் ஜெயலலிதா தொடங்கிவைத்த திட்டம் அது. அரசு நிறுவனமான எல்காட் வழியாக வந்த அந்த லேப்டாப்புகளில் விண்டோஸோடு, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. ஒரே டிஸ்கில் இரண்டு ஓஎஸ் என்பது இந்தத் தெருக்களுக்குப் புதிதல்ல.

அந்தத் திட்டத்தின் ஆரம்ப வருட லேப்டாப்புகள் விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 சிப்பையும் புதிய தலைமுறை பிராசஸரையும் காட்ட முடியாதவை. அதனால் லினக்ஸ் மின்ட், லுபுண்டு என்று தேடுகிறார்கள். ஆனால் கணக்கு எழுத டேலி வேண்டும், பழைய தமிழ் ஃபாண்டில் அடித்த ஃபைல்கள் வேண்டும். விண்டோஸையும் விட முடியாது. பக்கத்திலேயே லினக்ஸைப் போடலாம் என்று உட்கார்ந்தால், ஃபைல் சிஸ்டத்தில் பிழை, சி டிரைவைத் தொட முடியாது என்று திரை மறுக்கிறது. கடைக்குத் தூக்கிப்போனால், டிஸ்க் போச்சு, ஃபார்மட் அடிக்கணும் என்கிறார்கள். பிள்ளையின் சான்றிதழ் ஸ்கேன்களும் கல்யாண போட்டோக்களும் அதோடு போய்விடும். பெரும்பாலான நேரம் அந்தத் தீர்ப்பு தவறு.

விண்டோஸ் 8 வந்த 2012-லிருந்து 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்' என்றொரு வசதி இருக்கிறது. ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை. தன் உள்நிலையை ஒரு ஃபைலில் எழுதிவைத்துவிட்டுப் படுத்துக்கொள்கிறது. கடைக்காரர் ஷட்டரை இறக்கிவிட்டு, கணக்கு நோட்டை மேஜையில் திறந்தபடியே விட்டுப்போன மாதிரி. அந்த நோட்டில் வேறு ஆள் எழுதினால் கணக்கு குழம்பும். லினக்ஸ் அதைப் புரிந்துகொண்டு, படிக்க மட்டும் அனுமதிக்கும், அல்லது தொடவே மறுக்கும். அந்த மறுப்பு உங்கள் ஃபைல்களைக் காப்பாற்றுகிறது.

கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸுக்குள் போய் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் டிக்கை எடுத்துவிட்டு, ஒருமுறை முழுதாக ஷட் டவுன் செய்தால் பாதிப் பேருக்குப் பிரச்சினை அங்கேயே முடிந்துவிடும். தீரவில்லையென்றால் சி டிரைவின் பிராப்பர்ட்டீஸில் டூல்ஸ், அதில் செக். என்டிஎஃப்எஸ் விண்டோஸுடைய ஃபைல் சிஸ்டம்; அதை விண்டோஸ்தான் சரிபார்க்க வேண்டும். லினக்ஸில் இருக்கும் 'என்டிஎஃப்எஸ்ஃபிக்ஸ்' சில அடிப்படைக் கோளாறுகளைத் திருத்தி, அடுத்த முறை விண்டோஸ் சோதிக்கும்படி குறித்துவைக்கும். முழு வைத்தியம் அதுவல்ல. விண்டோஸ் சேமித்துவைத்த அந்த ஃபைலை அழித்துவிடும் ஒரு வழியையும் யூடியூபில் சொல்லித்தருகிறார்கள். அதில் விண்டோஸ் எழுதிவைத்த உள்நிலை முழுதாகப் போய்விடும். எனக்கு அது உடன்பாடில்லை.

இந்தப் பகுதிக்கே உரிய காரணம் ஒன்றும் உண்டு. பத்து வருட லேப்டாப்பின் பேட்டரி செத்திருக்கும், சார்ஜரில்தான் ஓடும். கரன்ட் போன நொடியில் டிஸ்க் பாதி எழுத்தில் நிற்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வடசென்னையில் பல இடங்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. அப்படி நின்ற மெஷினில் ஃபைல் சிஸ்டம் கலைந்திருப்பதில் வியப்பில்லை. அதற்கும் விண்டோஸின் அதே 'செக்' சோதனைதான். ஆனால் முக்கியமான ஃபைல்களை முதலில் வெளி டிஸ்கில் எடுத்துவைத்த பிறகு.

இடம் ஒதுக்குவதில் இன்னொரு பொறி. பழைய எம்பிஆர் முறை டிஸ்கில் நான்கு பிரைமரி பார்ட்டிஷன்களுக்கு மேல் போட முடியாது. லேப்டாப் கம்பெனியே நான்கையும் நிரப்பி அனுப்பியிருக்கலாம். விண்டோஸ் டிஸ்க் மேனேஜ்மென்டில் ஐந்தாவதை உருவாக்கப் போனால், டைனமிக் டிஸ்காக மாற்றட்டுமா என்று கேட்கும். சரி என்று சொல்லவே கூடாது. லினக்ஸ் இன்ஸ்டாலர் அதன்பின் தடுமாறும். சி டிரைவை அங்கேயே ஷ்ரிங்க் செய்து, காலி இடத்தைக் காலியாகவே விட்டுவிடுங்கள். நான்கும் நிரம்பியிருந்தால், ஒன்றைக் காப்பி எடுத்துவிட்டு நீக்கித்தான் ஆக வேண்டும். விண்டோஸ் பழைய பயாஸ் முறையில் ஏறியிருந்தால் லினக்ஸ் பென் டிரைவையும் அதே முறையில் பூட் செய்யுங்கள். புது லேப்டாப்பாக இருந்தால், டிரைவைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கரின் ரிகவரி கீயை முதலில் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

உண்மையிலேயே டிஸ்க் போயிருப்பதும் உண்டு. லினக்ஸ் பென் டிரைவில் பூட் செய்து 'டிஸ்க்ஸ்' புரோகிராமைத் திறந்தால், டிஸ்கின் உடல்நிலையைச் சொல்லும் ஸ்மார்ட் ரிப்போர்ட் தெரியும். அதில் கெட்ட செக்டார்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் ரிப்பேர் வேலையை நிறுத்திவிட்டுக் காப்பி எடுங்கள். பிறகு ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போய் ஒரு எஸ்எஸ்டி வாங்கலாம். எண்ணிக்கை பூஜ்யம் என்றால், ஃபார்மட் அடிக்கணும் என்று சொன்னவரிடம் அந்த ரிப்போர்ட்டைக் காட்டி, எதற்கு என்று கேளுங்கள்.