மரத்தில் தங்கும் விருந்தாளிகள்

பெருநாள் நெய்ச்சோற்றில் கமழும் ஏலக்காய் எந்த ஊர்ச் சரக்கு என்று கேட்டால், "போடி ஏலம்" என்று நம் இல்லத்தரசிகள் தயங்காமல் கூறிவிடுவார்கள். ஏலத்தையே ஏலம் விடும் ஊரல்லவா அது! ஆனால் அந்த ஏலச்செடிக்குக் குடை பிடித்து நிற்கும் பெருமரங்களின் கிளைகளில் மற்றொரு மலர்க் குடும்பம் வாழ்ந்து வருவதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? ஆர்கிட் எனப்படும் மலர்க் குடும்பம்தான் அது.

போடிநாயக்கனூரை அடுத்த சிலமலையில் நின்று மேற்கே நோக்குங்கள். மலைத்தொடர் மதிற்சுவர் போல் எழுந்து நிற்கும். இந்த அடிவார ஊர்களிலிருந்து விடியற்காலையில் ஜீப்புகளில் நெருங்கி அமர்ந்து, போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, ஏலத்தோட்ட வேலைக்குச் செல்லும் பெண்கள் ஏராளம். ஏலத்திற்கு முழு வெயிலும் ஆகாது. முழு இருளும் ஆகாது. ஆகவே தென்மேற்குப் பருவமழைக்கு முன்பாக நிழல் மரங்களின் கிளைகளைக் கழித்து விடுவார்கள். கிளை விழும்போது அதைப் பற்றியிருக்கும் ஆர்கிட்டும் சேர்ந்து விழுகிறது. தரையில் கிடந்தால் ஈரத்தில் அழுகிவிடும். அல்லது விறகோடு அடுப்புக்குப் போய்விடும்.

இதில் ஒரு பழிச்சொல்லும் அதற்குண்டு. மரத்தில் ஒட்டி வளர்வதைக் கண்டு, "இது புல்லுருவி, மரத்தைக் கொன்றுவிடும்" என்று சுரண்டி எறிவோர் உண்டு. புல்லுருவி மரத்தினுள் வேரைச் செலுத்திச் சாற்றை உறிஞ்சும். ஆர்கிட் அவ்வாறு செய்வதில்லை. பட்டையின் மேல் வேரைப் படரவிட்டு, மழைநீரையும் பனியையும், மட்கிய இலைத்துகளில் உள்ள சத்தையும் பெற்று வாழ்கிறது. இடத்துக்கு மட்டுமே அது மரத்தை நாடுகிறது. தின்றுவிட்டுக் குறை சொல்லிப் போகும் விருந்தாளிகளைப் பார்த்த நமக்கு, இப்படியொரு விருந்தாளி வியப்பளிக்கத்தான் செய்யும்.

மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறத்தாழ 300 வகை ஆர்கிட்டுகள் உள்ளன. அவற்றுள் பல உலகில் வேறெங்கும் இல்லாதவை. நரிவால் போன்று பூங்கொத்து தொங்கும் வகை இங்குமுண்டு. அதுவே அஸ்ஸாம் மாநிலத்தின் மலர். அழிந்த ஒன்றை எளிதாக மீட்டுவிடலாமே என்று நீங்கள் எண்ணக் கூடும். அங்குதான் சிக்கல். ஒரே நெற்றில் இலட்சக்கணக்கான விதைகள் இருக்கும். ஆனால் அவை தூசியினும் நுண்ணியவை. முளைக்குத் தேவையான உணவு அவற்றில் கிடையாது. குறிப்பிட்ட பூஞ்சைக் காளான் வந்து ஊட்டினால்தான் உயிர்க்கும். பிரெஞ்சு அறிஞர் நோயல் பெர்னார் 1899இல் இதைக் கண்டறிந்தார். காளானின் துணையின்றிச் சர்க்கரை கலந்த அகர் கூழில் விதையை முளைக்க வைக்கலாம் என்று அமெரிக்கரான லூயிஸ் நட்சன் 1922இல் காட்டினார். இன்றைய ஆர்கிட் வணிகம் பெரும்பாலும் இந்த வழியாலும், பின்னர் வந்த திசு வளர்ப்பாலும் பிழைப்பதே. காட்டுச் செடியைப் பிடுங்க வேண்டிய தேவையே இல்லை என்பதற்கும் இதுவே சான்று.

எனினும் பிடுங்கினார்கள். அகத்தியர் மலையில் 1865இல் கர்னல் ட்ரூரி கண்டெடுத்த மஞ்சள் நிறச் செருப்பு ஆர்கிட்டின் கதை அதுதான். தென்னிந்தியாவிற்கு உரிய ஒரே செருப்பு ஆர்கிட் அது. சேகரிப்போரின் ஆசையாலும் காட்டுத்தீயாலும் அது அற்றுப்போகும் விளிம்பை எட்டியது. திருவனந்தபுரத்தை அடுத்த பாலோடு தாவரவியல் ஆய்வு நிறுவனத்தார் அதைச் சோதனைக் குடுவைகளில் பெருக்கி மீண்டும் மலையில் நட்டனர். நம் ஏற்காட்டிலும் இந்தியத் தாவரவியல் மதிப்பாய்வுத் துறையின் ஆர்கிட் காப்பகம் பல்லாண்டுகளாக இயங்கி வருகிறது. வயநாட்டில் ஜெர்மானியரான வுல்ஃப்காங் தொயர்காஃப் 1981இல் தொடங்கிய குருகுலத் தாவரச் சரணாலயம், அழிக்கப்படும் காடுகளிலிருந்து செடிகளை மீட்டு வளர்க்கிறது. வெட்டுண்ட கிளையிலிருந்து ஆர்கிட்டை எடுத்து, பக்கத்து மரத்தில் கயிற்றால் கட்டி வைக்கும் தோட்டக்காரரும் இவர்கள் செய்யும் பணியைத்தான் சிறிய அளவில் செய்கிறார்.

யூனானி வைத்தியத்தில் வலுவூட்டும் மருந்தாக வழங்கும் சாலாமிசிரி ஓர் ஆர்கிட் கிழங்கு என்பது உங்களுக்குத் தெரியுமா? 'சஹ்லப்' என்னும் அரபுச் சொல்லின் திரிபு அது. துருக்கியிலும் ஷாமிலும் குளிர்காலத்தில் அருந்தும் சஹ்லப் பானம் இந்தக் கிழங்கு மாவில் ஆனதே. ஒரு கிலோ மாவுக்கு ஆயிரத்திற்கும் மேற்பட்ட கிழங்குகளைத் தோண்ட வேண்டும். அதனாலேயே துருக்கி அதன் ஏற்றுமதியைத் தடை செய்துள்ளது.

சிங்கப்பூரில் சபுர் இருந்து வந்தவர்கள் ஆர்கிட்டைப் பற்றி நன்கறிவார்கள். 1893இல் ஆக்னஸ் ஜோக்கிம் என்ற அர்மீனியப் பெண்மணியின் பெயரால் அறியப்பட்ட கலப்பின ஆர்கிட், 1981இல் அந்நாட்டின் தேசிய மலராயிற்று. ஆனால் அங்கிருந்து பெட்டியில் வைத்துச் செடியைக் கொண்டுவர எண்ணாதீர்கள். ஆர்கிட்டுகள் அனைத்தும் பன்னாட்டு ஒப்பந்தத்தின் காவலில் உள்ளன; உரிய அனுமதிச் சீட்டின்றி எல்லை கடத்தல் குற்றம். மலைக்கு உல்லாசப் பயணம் செல்வோர் காப்புக்காட்டில் பறிப்பதும் அவ்வாறே. வழியோரத்தில் யாரேனும் வேரோடு விற்றால் வாங்காதீர்கள். குளிர்மலைச் செடி சமவெளி வெயிலில் பெரும்பாலும் தாங்காது. நான் வாங்கி வந்த ஒன்று சித்திரை முடியுமுன் சருகாயிற்று.

ஆசையிருந்தால் நாற்றுப் பண்ணையில் வளர்த்ததை வாங்குங்கள். மண்ணில் நடக் கூடாது. கரித்துண்டு, உடைந்த ஓடு, தேங்காய் மட்டை ஆகியவற்றை இட்ட துளைச்சட்டியில் வையுங்கள்; அல்லது மரக்கட்டையில் கட்டித் தொங்கவிடுங்கள். காலை வெயில் மட்டும் படட்டும். வேர் வெள்ளி போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கேட்கிறது என்று பொருள். நனைந்ததும் பச்சையாக மாறும். பச்சையாக இருக்கும்போது மேலும் ஊற்றினால் அழுகிவிடும். விதையிலிருந்து பூக்கப் பல ஆண்டுகள் ஆவதால், பூக்கும் வயதை எட்டிய செடியாகக் கேட்டு வாங்குவதே உத்தமம்.