விளம்பரத் திரைகளும் கால அட்டவணையும்

உணவுக் கடையின் முகப்பில் முன்னாளில் ஒரு தட்டி தொங்கும். ஒருமுறை எழுதிய விலைப்பட்டியல் வண்ணம் மங்கும் வரையில் அங்கேயே இருக்கும். இன்று அவ்விடத்தில் மின்திரை ஒளிர்கிறது. காலையில் நாசி லெமாக்கையும் தேநீரையும் காட்டிய திரை நண்பகல் நெருங்கியதும் சோற்றுக்கும் கோழிக்கும் மாறிவிடுகிறது. ஒரே கடையாயின் முதலாளியே அதனை மாற்றிவிடுவார். மலேசியா முழுவதும் நூறு கிளைகள் உடைய நிறுவனம் என் செய்யும்?

பள்ளியில் பாட அட்டவணை வகுத்துப் பழகியவர்களுக்கு இதன் விடை பாதி தெரிந்ததே. எந்த வகுப்பில், எந்த நேரத்தில், எந்தப் பாடம் என்னும் மூன்றும் அங்கே பொருந்தவேண்டும். இங்கே எந்தக் கிளையில், எந்த வேளையில், எந்தப் படம் என்பவை பொருந்தவேண்டும். ஒவ்வொரு திரைக்கும் பின்னால் பிளேயர் எனப்படும் சிறு கணினி ஒன்று உண்டு. தலைமை அலுவலகம் படங்களையும் அட்டவணையையும் இணையத்தின் வழியே முன்கூட்டி அனுப்ப, அது அவற்றைத் தன்னுள் சேமித்து வைத்துக்கொள்கிறது. ஆதலின் இணையம் இடையில் அறுந்தாலும் திரை இருண்டுபோவதில்லை. ஆனால் புதிய விலை அக்கிளைக்கு எட்டாது. பழைய விலையே திரையில் ஓடிக்கொண்டிருக்கும். இருளைவிட இது தொல்லையானது என்று வாடிக்கையாளரிடம் வாதாடிய காசாளர் சொல்வார்.

நூறு கிளைகளுக்கும் தனித்தனியே அட்டவணை எழுதுவார் இலர். கிளைகளுக்கு மாநிலம், கடையின் வகை, திரையின் அளவு என அடையாளம் இட்டுக் குழுக்களாகப் பிரிப்பர். யாவர்க்கும் பொதுவான அட்டவணை அடியில் இருக்கும். அதன்மேல் மாநிலத்துக்கு உரியது, அதற்கும் மேல் சிறப்பு நாளுக்கு உரியது. இரண்டு மோதினால் மேலிருப்பதே வெல்லும்.

மாநிலப் பிரிவு வீண் வேலையன்று. கெடா, கிளந்தான், திரெங்கானு ஆகிய மாநிலங்களில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். மற்றவற்றில் சனியும் ஞாயிறும். ஜொகூர் 2014ஆம் ஆண்டில் வெள்ளி, சனிக்கு மாறி, 2025 ஜனவரி முதல் நாள் மீண்டும் சனி, ஞாயிறுக்குத் திரும்பியது. அந்த ஒரு மாற்றத்தைக் குறிக்க மறந்தால், ஜொகூர்க் கிளையின் 'வார இறுதிச் சலுகை' மக்கள் வேலைக்குப் போகும் வெள்ளியன்றே தொடங்கிவிடும்.

கடிகாரமும் ஏமாற்றும். 1982 ஜனவரி முதல் தீபகற்பத்தின் நேரம் அரை மணி முன்னே தள்ளப்பட்டு, சபா, சரவாக் நேரத்தோடு ஒன்றாயிற்று. ஆனால் கதிரவன் அரசாணைக்கு அடங்குவதில்லை. கோலாலம்பூர் ஏறக்குறைய 101.7 பாகை கிழக்கு; கோத்தா கினபாலு 116.1 பாகை. பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடம் ஆகும். 14.4 பாகைக்கு ஏறக்குறைய 58 நிமிடம். கடிகாரம் ஒரே மணியைக் காட்டினும் சபாவில் மாலை ஏறத்தாழ ஒரு மணி முன்னரே வந்துவிடும். நோன்பு துறக்கும் உணவுக்கான விளம்பரத்தை எல்லாக் கிளைகளிலும் ஒரே நேரத்தில் தொடங்கினால், கோத்தா கினபாலுவில் மக்கள் உண்டு முடித்த பின்னரே அது திரையில் தோன்றும்.

நாட்களிலும் நிலையில்லாதவை உண்டு. பிறை பார்த்தே நோன்புப் பெருநாள் அறிவிக்கப்படுகிறது. 2022இல் நாட்காட்டி மே 3 என்று காட்டியது. மே 1 இரவில் வந்த அறிவிப்போ மறுநாளே பெருநாள் என்றது. இரண்டு அட்டவணைகளையும் எழுதி வைத்திருந்தவர்க்கு ஒரு பொத்தானோடு வேலை முடிந்தது. தீபாவளியோ முன்கூட்டித் தெரியும். எனினும் ஆண்டுதோறும் நகரும். 2024இல் அக்டோபர் 31, 2025இல் அக்டோபர் 20. சென்ற ஆண்டின் அட்டவணையை அப்படியே படியெடுத்தவரின் வாழ்த்து 11 நாள் பிந்தி வரும். சரவாக்கில் தீபாவளி பொது விடுமுறையன்று. ஆகவே 'விடுமுறைச் சலுகை' என்னும் சொல் அங்கே பொருந்தாது.

தமிழர் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. கணினியில் 'செ' என்பது முதலில் சகரமாகவும் பிறகு கொம்பாகவும் சேமிக்கப்படுகிறது. திரையிடும்போது கொம்பை முன்னால் கொணர்வது மென்பொருளின் கடமை. அத்திறன் இல்லாத பிளேயரில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். 'கொ', 'மொ' முதலியவை உடைந்து சிதறும். தலைமை அலுவலகத்தின் கணினியில் செம்மையாகத் தோன்றிய வாழ்த்தே கிளையில் பிழையாவது இவ்வாறுதான். அனுப்பியவர் கண்ணுக்கு அப்பிழை தெரிவதே இல்லை. பிளேயர் அனுப்பும் ஓட்டக் குறிப்பேடும் உதவாது. படம் எத்தனை முறை ஓடியது என்று அது சொல்லும். எழுத்து சரியா, திரைக்கு மின்சாரமேனும் இருந்ததா என்று சொல்லாது.

தமிழ் வரிகளை எழுத்தாக அனுப்பாமல், பிழை பார்த்தபின் படமாக மாற்றி அனுப்பினால் எந்தப் பிளேயரிலும் கொம்பு இடம் மாறாது. கிளைத் திரையை ஒருமுறை புகைப்படம் எடுத்து வரவழைத்துத் தமிழறிந்த ஒருவரிடம் காட்டுவதற்கு ஐந்து நிமிடமும் ஆகாது. அதனைப் பெருநாளுக்கு ஒரு வாரம் முன்பே செய்யவேண்டும். முதல் நாள் மாலையில் செய்தால் திருத்திய படம் எல்லாக் கிளைகளுக்கும் போய்ச் சேர நேரம் இராது.