பம்பிங் குறைந்த நண்பருக்குத் துணையாக

“எக்கோ எடுத்தாங்க, பம்பிங் முப்பதுதானாம்” என்று நண்பர் சொன்னால், நூற்றுக்கு முப்பது மதிப்பெண் என்றே நம் மனம் கணக்குப் போடுகிறது. அது தவறான கணக்கு. ஒவ்வொரு துடிப்பிலும் இடது கீழறையில் இருக்கும் இரத்தத்தில் எத்தனை சதவீதம் வெளியே தள்ளப்படுகிறது என்பதே அந்த எண். நல்ல இதயத்திலேயே அது 55 முதல் 70 வரைதான் இருக்கும். சிகிச்சையில் இந்த எண் பலருக்கு உயர்ந்திருக்கிறது. பயந்துபோன நண்பரிடம் இதை முதலில் சொல்லுங்கள்.

அவர் சொல்லாமல் விடுவது

இப்படிப் பம்பிங் குறைந்து இதயச் செயலிழப்பு வந்தவர்களில் பலர் மூச்சு வாங்குவதை வெளியே சொல்வதில்லை, நடையைக் குறைத்துக்கொள்வார்கள். மாடி வீட்டுக்கு வருவதைத் தவிர்ப்பார்கள், பேசிக்கொண்டே நடப்பதை நிறுத்துவார்கள். வீட்டில் இருப்பவர்களுக்குப் பழகிப்போன இந்த மாற்றம், இடைவெளி விட்டுப் பார்க்கும் நண்பருக்குப் பளிச்சென்று தெரியும். ராத்திரி எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறார், தூக்கத்தில் மூச்சுமுட்டி எழுந்து உட்காருகிறாரா, மாலையில் செருப்பு இறுகுகிறதா என்று கேளுங்கள்.

எடை பார்க்கும் கருவி ஒன்றை வாங்கிக் கொடுப்பது நல்ல பரிசு. காலையில் சிறுநீர் கழித்த பின், சாப்பிடும் முன் எடை பார்த்துக் குறித்துவர வேண்டும். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது கொழுப்பு அல்ல, உடலில் தேங்கும் நீர். அன்றே மருத்துவரிடம் பேச வேண்டும்.

மாத்திரைகளை நிறுத்த வைக்கும் காரணங்கள்

கல்யாணத்துக்குப் போகும் நாளில் நீர் மாத்திரையை விட்டுவிடுபவர்கள் அநேகம். வழியில் கழிப்பறை இருக்காதே என்ற பயம்தான். மாத்திரையை விடாமல், போடும் நேரத்தை மாற்றலாமா என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்கச் சொல்லுங்கள். கூடப் போனால், நல்ல கழிப்பறை உள்ள இடமாகப் பார்த்து வண்டியை நிறுத்துங்கள்.

“எனக்குச் சர்க்கரையே இல்லை, சர்க்கரை மாத்திரை ஏன்?” என்று டாபாகிளிஃபுளோசினை ஒதுக்குபவர்களும் உண்டு. சர்க்கரை நோய் இல்லாத இதயச் செயலிழப்பு நோயாளிகளுக்கும் அது பயன் தருவதை 2019-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. பீட்டா பிளாக்கர் என்ற இதய மருந்தைத் தொடங்கிய ஆரம்ப வாரங்களில் சிலருக்குச் சோர்வு கூடும். அதற்காகத் தானாக நிறுத்துவது ஆபத்து. மருத்துவர் அளவைச் சரிசெய்வார்.

முழங்கால் வலிக்கு நம் பையிலிருக்கும் டைக்ளோஃபினாக், இபுபுரூஃபன் மாத்திரையை அன்போடு நீட்டுகிறோமே, அது கூடவே கூடாது. உப்பையும் நீரையும் உடலில் தேக்கி, இதயத்தின் சுமையை அது கூட்டிவிடும்.

உபசரிப்பில் கவனம்

ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர்மிளகாய் எல்லாமே உப்பு. நண்பர் சாப்பிட வரும் நாளில் எல்லோருக்குமே உப்பைக் குறைத்துச் சமைத்துவிடுங்கள். அவருக்கு மட்டும் தனித்தட்டு வைப்பதுதான் அவரை நோகடிக்கும். சோடியம் குறைந்த உப்பில் பொட்டாசியம் சேர்த்திருப்பார்கள். நோயாளியைப் பார்க்க வாங்கிப் போகும் இளநீரிலும் பொட்டாசியம் அதிகம். ஸ்பைரோனோலாக்டோன் போன்ற மருந்து எடுப்பவருக்கு இரத்தத்தில் அது ஏறினால் இதயத் துடிப்பு தாறுமாறாகும். மருத்துவரைக் கேட்காமல் இரண்டும் வேண்டாம்.

பேச்சும் நடையும்

“ஒண்ணும் ஆகாது” என்ற ஆறுதல் பெரும்பாலும் அவர் வாயை அடைத்துவிடுகிறது. இந்த நோயோடு மனச்சோர்வும் அடிக்கடி வரும். அவர் பயத்தைச் சொல்லட்டும், குறுக்கிடாமல் கேளுங்கள். மருத்துவர் நடக்கச் சொல்லியிருந்தால் அவர் வேகத்துக்கே கூட நடங்கள்.

உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு திணறினால், நெஞ்சு வலித்தால், மயங்கினால் யோசிக்காமல் 108-ஐ அழையுங்கள்.

இன்றே நண்பருக்கு ஒரு போன் போடுங்கள். அடுத்த செக்கப் என்றைக்கு என்று கேட்டு, “நானும் வர்றேன்” என்று சொல்லுங்கள்.