விடுதலையின் வாசலில் காத்திருக்கும் மனநோயாளிகள்



அஸ்ஸாமைச் சேர்ந்த மச்சாங் லாலுங் 1951-ஆம் ஆண்டு கைது செய்யப்பட்டு, மனநோயாளி என்று தேஜ்பூர் மனநல மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். அவர் குணமடைந்தார் என மருத்துவர்கள் 1967-இல் தெரிவித்தும் வீடு திரும்பவில்லை, சிறைக்கே மாற்றப்பட்டார். 54 ஆண்டுகளுக்குப் பின் 2005-இல் வெளியே வந்தபோது அவர் 77 வயது முதியவர். அவருடைய வழக்கு அதுவரை விசாரிக்கப்படவே இல்லை.

தண்டனை பெறாதவருக்கே இந்நிலை என்றால், தண்டனை பெற்ற மனநோயாளியின் நிலை என்ன?

மரண தண்டனைக்கும் இடமுள்ள குற்றத்துக்காக ஆயுள் தண்டனை பெற்றவர் குறைந்தது 14 ஆண்டுகள் சிறையிலிருக்க வேண்டும். அதன்பின் அவரது முன்விடுதலையை மாநில அரசு பரிசீலிக்கலாம். மனநோயாளிக்கு விடுதலை இல்லை என்று இச்சட்டம் கூறவில்லை. ஆயினும் மூன்று இடங்களில் அந்நோய் குறுக்கே நிற்கிறது.

முதலாவது, தண்டனைக் குறைப்பு நாட்கள் நன்னடத்தையாலும் வேலையாலும் சேருகின்றன. நோயின் வேகத்தில் கூச்சலிடுகிறவனும், வேலைக்கு எழும்பாதவனும் ஒழுங்கற்றவனாகவே எண்ணப்படக்கூடும்.

இரண்டாவது, மீண்டும் குற்றம் செய்வாரா என்பதையும் பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2000-இல் லட்சுமண் நஸ்கர் வழக்கில் கூறியது. அங்கே பழைய நோய்க் குறிப்பு அச்சத்தை எழுப்புகிறது. தொடர்ந்து மருந்து உட்கொண்டு தெளிந்திருப்பது எழுதப்படாவிட்டால் யாருக்குத் தெரியும்?

மூன்றாவது, அவரை ஏற்றுக்கொள்ள வீடு உண்டா என்ற கேள்வி. பல குடும்பங்கள் வெட்கத்தினால் மௌனமாகிவிடுகின்றன.

இருளிலும் சில கதவுகள் திறந்துள்ளன. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 சிறைவாசிகளுக்கும் சிகிச்சையை உறுதி செய்கிறது. முன்விடுதலைக் கொள்கை உள்ள மாநிலங்களில், தகுதி பெற்ற கைதி விண்ணப்பிக்காவிட்டாலும் அரசே பரிசீலிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. தனக்காக ஒரு மனு எழுத இயலாதவனுக்கு இது எத்தனை பெரிய காரியம்!

உங்கள் உறவினர் ஒருவர் இந்நிலையில் இருந்தால், செய்ய வேண்டியவை சில உண்டு. கைதுக்கு முந்தைய மருத்துவச் சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். சிறை மருத்துவரிடம் சிகிச்சை விவரத்தை எழுத்தில் கேளுங்கள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை நாடுங்கள். காவலில் இருப்போருக்கு அங்கே சட்ட உதவி இலவசம். தொலைபேசி எண் 15100. வெளியே வந்தால் எங்கே தங்குவார், மருந்தை யார் கொடுப்பார் என்பதையும் எழுதிக் கொடுங்கள்.

வேலைக்காக ஊர்விட்டு வந்த நமக்குச் சிறை தூரமாயிருக்கலாம். ஆனாலும் மாதம் ஒரு கடிதமாவது எழுதுங்கள். தன் குணமடைதலைத் தானே நிரூபிக்க முடியாதவனுக்காகப் பேச, வெளியே ஒருவராவது இருக்க வேண்டும் அல்லவா?