வெட்கம் மருந்தாகாது

வயலில் காலில் முள்ளுக் குத்தினால் எல்லோருக்கும் காட்டுகின்றோம். இடுப்புக்குக் கீழே ஒரு வருத்தம் வந்தால் மனைவியிடமும் சொல்வதில்லை. 2007இல் படுவான்கரையை விட்டு இடம்பெயர்ந்து, முகாம்களில் ஒடுங்கி இருந்த காலத்தில் இப்படி மறைத்தவர்கள் பலர். அன்று முப்பது வயதில் இருந்தவர்கள் இன்று ஐம்பதை எட்டுகின்றனர். "அந்த நாளில் வந்த வெட்டை நோய் இப்போது புற்றுநோயாக மாறுமா?" என்ற பயம் சிலரை வாட்டுகின்றது.

சலப்பைக்குக் கீழே, சலக்குழாயைச் சுற்றி, சிறிய தேசிக்காய் அளவில் ஆண்களுக்கு உள்ளதே புரஸ்டேட் சுரப்பி. வெட்டை போன்ற பாலியல் தொற்றுக்கள் இதில் அழற்சியை உண்டாக்கலாம். ஆனால் அவைதாம் புரஸ்டேட் புற்றுநோய்க்குக் காரணம் என நிரூபிக்கப்படவில்லை. சில ஆய்வுகள் சிறிய தொடர்பைக் காட்டின. வேறு சில காட்டவில்லை. வயது ஏறுவதும், தகப்பனுக்கோ சகோதரனுக்கோ இந்நோய் இருந்திருப்பதுமே உறுதியாகத் தெரிந்த ஆபத்துக்கள்.

பெண்களின் நிலை வேறு. கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கு உடலுறவால் தொற்றும் எச்.பி.வி. வைரசே காரணம். ஆகவேதான் 2017 முதல் ஆறாம் வகுப்புப் பெண் பிள்ளைகளுக்குப் பாடசாலையில் தடுப்பூசி போடப்படுகின்றது. தாய்மார் தமக்குரிய பரிசோதனை பற்றிக் குடும்ப நல உத்தியோகத்தரிடம் கேட்கலாம்.

பி.எஸ்.ஏ. என்னும் இரத்தப் பரிசோதனையை ஆண்கள் அறிந்திருக்க வேண்டும். தொற்று, அழற்சி, வயதினால் வரும் வீக்கம் ஆகியவற்றாலும் இதன் அளவு கூடும். எனவே கூடிய அளவு கண்டவுடன் புற்றுநோய் என்று கலங்க வேண்டாம். முன்பு அல்லது இப்போது தொற்று இருந்தால் அதை வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். மறைத்தால் முடிவைப் பிழையாக விளங்கிக்கொள்ள நேரும். எல்லா ஆண்களுக்கும் இப்பரிசோதனை கட்டாயமில்லை. ஐம்பது வயதைக் கடந்தவர்கள் நன்மை தீமைகளை வைத்தியருடன் பேசி முடிவெடுப்பது நல்லது. குடும்பத்தில் இந்நோய் இருந்தால் அதற்கு முன்னரே பேச வேண்டும்.

சலம் தடைப்படுதல், சலத்தில் இரத்தம், ஆறாத முதுகெலும்பு வலி என்பன இருந்தால் தாமதிக்க வேண்டாம். ஆணுறுப்பில் புண், சீழ், எரிவு இருந்தால் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையத்துக்குச் செல்லுங்கள். சிகிச்சை இலவசம், இரகசியம் காக்கப்படும். கணவனும் மனைவியும் சேர்ந்து மருந்தெடுத்தால்தான் தொற்று திரும்ப வராது.

முன்பு மண்முனைத் துறையில் பாதைக்குக் காத்திருந்தோம். 2014இல் பாலம் திறக்கப்பட்டபின் வாவியைக் கடப்பது இலகுவாயிற்று. இனி நாம் கடக்க வேண்டியது வெட்கத்தை மட்டுமே.