உறையில் ஒரு பெயர், உள்ளே பல குரல்கள்

இலக்கியத் தொடர் ஒன்றில் ஜாஸ் இசைத்தட்டுகளுக்கு என்ன வேலை என்று நேயர்கள் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. ஆனால் ஒரு படைப்பு யாருடையது என்ற பிரச்சினை இலக்கியத் திறனாய்வில் அடிக்கடி எழுவதொன்று. அதைத் தெளிவாக விளங்கிக்கொள்ள ஜாஸ் இசை எமக்கு உதவுகிறது.

கவிதை நூலொன்றின் அட்டையில் இருப்பது கவிஞரின் பெயர். உள்ளே உள்ள சொற்களும் அவருடையவையே. ஜாஸ் இசைத்தட்டின் உறையில் இருப்பது குழுத் தலைவரின் பெயர். உள்ளே ஒலிப்பவற்றில் பெரும்பகுதியோ குழுவினர் அந்தக் கணத்தில் தாமே கற்பனை செய்து வாசித்தவை. அப்படியானால் தலைவர் செய்வதென்ன?

இதற்கு விடை காண 1959ஆம் ஆண்டை நோக்குவோம். அவ்வாண்டில் கொலம்பியா நிறுவனம் நியூயோர்க்கில் தனது 30ஆம் தெரு ஒலிப்பதிவுக் கூடத்தில் மூன்று இசைத்தட்டுகளைப் பதிவுசெய்தது. அக்கூடம் முன்னர் தேவாலயமாக இருந்த கட்டடம். மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஒஃப் புளூ', சார்ள்ஸ் மிங்கஸின் 'மிங்கஸ் ஆ அம்', டேவ் புறூபெக்கின் 'டைம் அவுட்' என்பனவே அவை. மூன்று தலைவர்களும் தத்தம் குழுவை வழிநடத்திய விதம் வெவ்வேறானது.

ட்ரம்பெட் கலைஞரான டேவிஸ் மிகக் குறைவாகவே எழுதிக் கொடுத்தார். மார்ச் 2ஆம் திகதியும் ஏப்ரல் 22ஆம் திகதியும் நடந்த பதிவுகளுக்குச் சில மணி நேரம் முன்னர்தான் அவர் இசைக்கோலங்களை வகுத்தார் என, பியானோ வாசித்த பில் எவன்ஸ் உறையில் எழுதிய குறிப்பில் கூறுகிறார். அக்குறிப்பு ஜாஸ் வாசிப்பை யப்பானிய மை ஓவியத்தோடு ஒப்பிடுகிறது. வரைந்த கோட்டை அழிக்கவோ திருத்தவோ இடமில்லாத கலை அது.

அக்கால ஜாஸ் கலைஞர்கள் விரைந்து மாறும் சுரக்கூட்டுகளைப் பின்தொடர்ந்தே கற்பனை செய்தனர். டேவிஸ் அதற்குப் பதிலாக ஓரிரு சுரவரிசைகளை மட்டும் கொடுத்தார். முதலாவது உருப்படியான 'சோ வட்' டோரியன் என்ற சுரவரிசையில் அமைந்தது. அதன் சுரங்கள் எமது கரகரப்பிரியாவின் சுரங்களே. எனினும் இதை இராகம் என்று கொள்ளலாகாது. இராகத்துக்குரிய கமகங்களும் பிடிகளும் இங்கில்லை. ஒரே வரிசையில் நின்று, அவசரமின்றிச் சிந்திப்பதற்குக் கிடைத்த இடமே முக்கியம். அந்த இடத்தில் ஜோன் கோல்ட்ரேன் தேடலோடு வாசிக்கிறார். கனன்போல் அடர்லி மகிழ்ச்சியோடு வாசிக்கிறார். இருவர் கையிலும் சாக்ஸபோனே; ஆளுமைகள் வேறு.

மிங்கஸின் வழி வேறு. டபிள் பேஸ் வாசித்த அவர், தாளில் எழுதிக் கொடுப்பதைவிடப் பியானோவில் வாசித்தும் பாடியும் சொல்லிக் கொடுப்பதையே பெரிதும் விரும்பினார். எமது குருகுல முறையை இது நினைவூட்டும். அவரது இசைத்தட்டில் தேவாலய வழிபாட்டின் ஆரவாரம் கேட்கிறது. அருகிலேயே துயரமும் உண்டு. அவ்வாண்டு மார்ச் 15இல் சாக்ஸபோன் மேதை லெஸ்டர் யங் காலமானார். இரு மாதங்களுக்குள் மிங்கஸ் அவருக்காகப் பதிவுசெய்த 'குட்பை போர்க் பை ஹற்' சொற்களற்ற ஒரு கையறுநிலைப் பாடல் எனலாம்.

பியானோ கலைஞரான புறூபெக் தாளத்தில் புதுமை தேடினார். 1958இல் அவரது குழு துருக்கி, இந்தியா, இலங்கை உட்படப் பல நாடுகளில் சுற்றுப்பயணம் செய்தது. இஸ்தான்புல் தெருவில் கேட்ட ஒன்பது எண்ணிக்கைத் தாளம் 'புளூ ரொண்டோ'வுக்கு வித்திட்டது. ஆனால் அந்த இசைத்தட்டின் மிகப் புகழ்பெற்ற உருப்படி, ஐந்து எண்ணிக்கையில் அமைந்த 'டேக் ஃபைவ்'. அதை இயற்றியவர் தலைவரல்லர். சாக்ஸபோன் வாசித்த போல் டெஸ்மண்ட். 1977இல் இறந்த அவர், தமது ஆக்கங்களுக்கான உரிமைப்பணத்தை அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு எழுதிவைத்தார்.

டெஸ்மண்டுக்கு உரிய பெயர் கிடைத்தது. எல்லோருக்கும் அப்படியல்ல. 'கைண்ட் ஒஃப் புளூ'வில் டேவிஸின் பெயரில் வந்த 'புளூ இன் கிறீன்' உருப்படியைத் தாமே இயற்றியதாக எவன்ஸ் பின்னாளில் கூறினார்.

பெயர் பற்றிய கேள்வி இசைக்கூடத்தோடு முடியவுமில்லை. 'கைண்ட் ஒஃப் புளூ' 1959 ஓகஸ்ட் 17இல் வெளியானது. சில நாட்களின் பின், தாம் வாசித்துக்கொண்டிருந்த 'பேர்ட்லாண்ட்' விடுதியின் வாசலில் டேவிஸ் நின்றிருந்தார். விலகிப் போகும்படி பொலிஸ்காரர் ஒருவர் கட்டளையிட்டார். தாம் அங்கு வாசிப்பவர் என்று டேவிஸ் விளக்கினார். தலையில் அடிபட்டுக் குருதி வழியக் கைது செய்யப்பட்டார். விடுதி வாசலில் பொறித்திருந்த பெயர் கறுப்பினக் கலைஞரைக் காக்கவில்லை.

மிங்கஸ் ஓர் எதிரியின் பெயரையே தலைப்பாக்கினார். 1957இல் லிட்டில் றொக் நகரில் ஒன்பது கறுப்பின மாணவர்கள் பாடசாலைக்குள் நுழைவதைப் படையினரைக் கொண்டு தடுத்த ஆளுநர் ஓர்வல் ஃபோபஸ். அவரை எள்ளி நகையாடும் 'ஃபேபிள்ஸ் ஒஃப் ஃபோபஸ்' கொலம்பியாவின் தட்டில் சொற்களின்றியே வெளிவந்தது. சொற்களை நிறுவனம் அனுமதிக்கவில்லை என்றே பரவலாகக் கூறப்படுகிறது. 1960இல் மிங்கஸ் அதனைச் சொற்களோடு 'கண்டிட்' என்ற வேறு நிறுவனத்துக்காகப் பதிவுசெய்தார். அதில் அவரும் ட்ரம் கலைஞர் டானி றிச்மண்டும் கேள்வியும் பதிலுமாகக் குரலெழுப்புகின்றனர்.

அதே 1960இல், அமெரிக்கத் தென்மாநிலக் கல்லூரிகள் பல புறூபெக்கிடம் ஒரு நிபந்தனை விதித்தன. டபிள் பேஸ் வாசித்த யூஜின் றைட் கறுப்பினத்தவர். அவருக்குப் பதிலாக வெள்ளையர் ஒருவர் வரவேண்டும் என்பதே அது. வெள்ளையரான புறூபெக் மறுத்தார். கச்சேரிகள் கைவிடப்பட்டன. வருமானமும் போயிற்று.

தலைவர் செய்வதென்ன என்ற கேள்விக்கு இவற்றிலிருந்து விடை கிடைக்கிறது. யாரை அழைப்பது, எவ்வளவு சொல்லிக் கொடுப்பது, எவ்விடத்தில் மௌனமாயிருப்பது என்பனவற்றை அவர் தீர்மானிக்கிறார். தம்மோடு வாசிப்போருக்குப் பொறுப்பும் ஏற்கிறார். உறையிலுள்ள பெயரை அந்தப் பொறுப்பின் கையொப்பமாகவே கொள்ளவேண்டும். உள்ளிருக்கும் குரல்கள் அனைத்துக்கும் அது உரிமைப் பத்திரமாகாது.

இவ்விசைத்தட்டுகளில் ஒன்றைக் கேட்க வாய்ப்புக் கிடைத்தால், இரு முறை கேளுங்கள். முதல் முறை தலைவரின் வாத்தியத்தை மட்டும் பின்தொடருங்கள். மறுமுறை, அவர் வாசிக்காதிருக்கும் நேரங்களில் யார் பேசுகிறார் என்று கவனியுங்கள்.