கண்ணைக் கட்டிய பின் நிறம் தெரிவது எப்படி?

1974ஆம் ஆண்டில் ஹங்கேரியக் கட்டடக்கலை ஆசிரியர் எர்னோ ரூபிக் அமைத்த கனசதுரத்தை ஒருவர் கண்ணைக் கட்டிக்கொண்டு சேர்க்கையில், ஸ்பரிசத்தால் நிறத்தை அறிகிறாரோ என்று காண்போர் அதிசயிப்பதுண்டு. உண்மையில், 1907இல் சென்னையில் ஒரே சமயத்தில் நூறு விஷயங்களைக் கவனிக்கும் சதாவதானம் நிகழ்த்திய செய்குத்தம்பிப் பாவலரைப் போல, அவரும் ஞாபக சக்தியையே நம்பியிருக்கிறார்.

நடுத்துண்டுகள் தம்முள் இடம் மாறாதவையாதலால், கண்ணைக் கட்டுமுன் அவர் பார்த்து ஆராய வேண்டியவை மூலைத்துண்டுகள் 8, ஓரத்துண்டுகள் 12 மட்டுமே. இவற்றின் ஒவ்வொரு நிறமுகத்திற்கும் ஓர் எழுத்தைச் சூட்டி, இது அங்கே, அங்குள்ளது வேறெங்கே என்று தொடரும் சங்கிலியை எழுத்து வரிசையாக்கி, இரண்டிரண்டாய்ச் சொல்லாக்குகிறார். கள்ளக்குறிச்சிவாசி ஒருவர் பயில விரும்பினால், கச்சிராயபாளையம் கடந்து கல்வராயன் மலையேறி வெள்ளிமலை சேரும் பழகிய பாதையே போதும்: 'ப', 'ல' என்று வந்தால் கோமுகி அணைக்கரையில் ஒரு பலாப்பழத்தையும், 'ம', 'ன' என்று வந்தால் அடுத்த மலைவளைவில் ஒரு மானையும் மனத்தில் நிறுத்தலாம், இடத்தோடு பிணைந்த நினைவு எளிதில் வரிசை பிறழாது.

பின்னர் கண்ணைக் கட்டிக்கொண்டு, மூன்று துண்டுகளை மட்டும் இடம் மாற்றி ஏனையவற்றை இருந்தபடியே விட்டுவிடும் திருப்பு முறைகளை ஒவ்வொன்றாகப் பிரயோகிக்கிறார். இவ்வித்தையின் உன்னதமான அம்சம் இதுவே என்பேன்.

போட்டிகளில் மனனம் செய்யும் நேரமும் கணக்கில் சேர்வதால், கடைசிச் சில எழுத்துகளைச் சித்திரமாக்காமல் உள்ளுக்குள் முணுமுணுத்தே பலர் காக்கின்றனர். அருகில் எழும் பேச்சொலி அதனைக் கலைத்துவிடக்கூடுமாதலால் அரங்கில் நிசப்தம் உதவுகிறது.